நீடில் ஆயில் குடித்த துப்பாக்கி

என் முதலாளி சண்முகவேல் கோபத்திலும் மரியாதை குறையாத மனிதர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேட்டில் வந்து தகராறு செய்த ஒரு லாரி டிரைவரிடம் இடுப்பைத் தட்டிக்காட்டி, "சுட்டுப்போடுவேனுங்க, பாத்துக்குங்க" என்றார். அந்தப் பயல் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துப் போய்விட்டான். சுடப்போகிறவன் 'ங்க' போட்டால் எவன் பயப்படுவான்? எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் என்றால் துப்பாக்கியே வேண்டாம், திட்டுகிற திட்டிலேயே ஆள் பாதி செத்திருப்பான்.

நான் காசிமாயன். பதினேழு வருஷம் பட்டாளத்தில் ஆர்மரர், அதாவது ஆயுதம் பழுது பார்க்கிறவன். சண்டை போட்டேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். சண்டை போட்டவன் துப்பாக்கியைத் துடைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் எட்டு வருஷமாக நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் சண்முகவேலுடைய நிட்டிங் கம்பெனிக்கு வாட்ச்மேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒன்றரை அறை, அதில் நான், என் பெண்டாட்டி பேச்சியம்மாள், பிளஸ் டூ படிக்கிற மகள் அன்புசெல்வி. மார்ச்சில் அவளுக்குப் பரீட்சை. வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. எனக்குப் பிறந்தவளா என்று எனக்கே சந்தேகம் வருகிற அளவுக்குப் படிப்பாள்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேஜையில் அந்த ரிவால்வர் கிடந்தது. எட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அதைப் பக்கத்தில் பார்க்கிறேன். அதுவரை பூஜை அறையை விட்டால் அவர் இடுப்பு, அவர் இடுப்பை விட்டால் பூஜை அறை, வேறு யார் கையும் அதில் பட்டதில்லை. சப்பை மூக்கு, குட்டிக் குழல், எடை அரைக் கிலோ தக்காளி அளவுதான்.

"காசீ, தப்பா எடுத்துக்காதீங்க. பன்னெண்டு கேமரா வெச்சாச்சு. போன்லயே எல்லாந் தெரியுது. கேமரா பாத்துக்கும், இது சுட்டுக்கும். உங்களுக்கு இங்க வேல என்ன மிச்சமிருக்குதுங்க? தை ஒண்ணுலிருந்து வேற எடம் பாத்துக்குங்க."

தை ஒன்று என்றால் ஒரு மாசம்கூட இல்லை. வேலை போனால் வீடும் போகும். பரீட்சைக்கு இரண்டு மாசம் இருக்கையில் பிள்ளையை எந்த ஊரில், எந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பது?

"மார்ச் வரைக்கும் இருந்துக்கிறேன் மொதலாளி, பிள்ளை பரீட்சை..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. என் கண் துப்பாக்கிக்கு அடியில் இருந்த பேப்பரில் போய் நின்றுவிட்டது. பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி அதில் எண்ணெய் வட்டம் போட்டிருந்தது.

"என்ன மொதலாளி, எண்ணெய் வடியுது?"

"வாராவாரம் வெள்ளிக்கெழம நானே போடறனுங்க," என்றார் பெருமையாக. "நீடில் ஆயிலு. நம்ம மிசினுக்கு ஊத்தற அதே சரக்கு."

எனக்குப் புரிந்துபோனது. சண்முகவேல் பதினாறு வயதில் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக ஆரம்பித்தவர். ஆயிரக்கணக்கான ஊசி ஏறி இறங்குகிற மெஷின் அது, எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தால்தான் துணி வரும். எண்ணெய் நின்றால் ஊசி உடையும், முதலாளி வாயில் நல்ல வார்த்தை வராது. ஆகவே இரும்பில் செய்த எதுவும் எண்ணெய் குடிக்கும் என்பது அவர் வேதம். கேனைக் கவிழ்த்து ஊற்றுவார், பனியன் கட்டிங் வேஸ்டால் துடைப்பார். துடைத்த துணியின் பஞ்சு முழுக்க உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இது போதாதென்று ஆயுத பூஜை வேறு. மெஷின், ஜெனரேட்டர், தராசு, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற கையோடு துப்பாக்கிக்கும் வைப்பார். குழல் வாயில் சந்தனம், விசையில் குங்குமம், பின்னால் அடிக்கிற சுத்தியலுக்கு இரண்டும். சாமி முன்னால் முழுக்க லோடு செய்த துப்பாக்கி வைப்பது மரியாதையில்லை என்று ஆறு தோட்டாவில் ஒன்றை முதல் பூஜையன்றே எடுத்து விபூதி டப்பாவுக்குள் புதைத்துவிட்டார். அது எட்டு வருஷமாக அங்கேயேதான் இருக்கிறதாம். மீதி ஐந்தும் துப்பாக்கிக்குள்ளேயே, எண்ணெயில் ஊறிக்கொண்டு.

இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த எண்ணெய்ச் சட்டிக்காகவா என்னைத் துரத்துகிறான் மனுஷன்!

அப்போது அவர் சம்சாரம் கமலாம்பாள் காபியோடு உள்ளே வந்தார். கம்பெனியில் செக்கிங் முழுக்க அந்த அம்மா கையில்தான். ஒரு ஓட்டையுள்ள பனியன்கூட அவரைத் தாண்டி வெளியே போனதில்லை. வாசலிலேயே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"ஏனுங்க, எட்டு வருசமா ஒருக்காக்கூட இத நீங்க சுட்டதில்ல. இது வெடிக்குமுங்களா?"

"என்ன புள்ள இப்பிடிக் கேக்கற? கம்பெனி சாமான்!"

"சாம்பிள் பாக்காம ஒரு துண்டு துணி வாங்க மாட்டீங்க. இத மட்டும் எப்பிடி நம்பறீங்க? நம்ம சம்பந்தி மெம்பரா இருக்கற துப்பாக்கிக் கிளப்பு கோயமுத்தூர்ப் பக்கம் இருக்குதல்லங்க, ஞாயித்துக்கெழம போய்ச் சுட்டுப் பாக்கலாம். ஆறும் வெடிச்சா காசி போகட்டும். ஒண்ணு வெடிக்காட்டியும் காசி இங்கயே இருக்கட்டும்."

முதலாளி ஒத்துக்கொண்டார். மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் கேட்டுக்கே வந்தார். கையில் மஞ்சப்பை.

"காசீ, பட்டாளத்துல நீங்க இதே வேலதானுங்க பாத்தீங்க? கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுங்களேன்."

கொழுப்பைப் பாருங்கள். எவனை வேலையை விட்டுத் தூக்கப்போகிறாரோ, அவனிடமே அதற்கான துப்பாக்கியைத் துடைக்கக் கொடுக்கிறார். அதையும் கெஞ்சலாகக் கேட்கிறார். கதவுக்குப் பின்னாலிருந்து பேச்சியம்மாள் கண்ணைக் காட்டிக் கூப்பிட்டாள். உள்ளே போனேன்.

"யோவ், கிறுக்குத்தனம் எதுவும் பண்ணிறாத. மேல மட்டும் பளபளன்னு துடைச்சுக் குடுத்துட்டு வா. உள்ள இருக்கிற அழுக்குக் கழுதை அப்படியே இருக்கட்டும்."

"சரிடி," என்றேன். மனசாரத்தான் சொன்னேன். பொய்யில்லை.

கம்பெனிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முதலாளி எதிரிலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். லைசென்ஸ் அவர் பெயரில், கண்ணை எடுக்கக் கூடாதாம். சிலிண்டரைத் திறந்து ஐந்து தோட்டாவையும் எடுத்துத் தனியாக வைத்தேன். குழலுக்குள் எட்டிப் பார்த்தேன். வெளிச்சமே தெரியவில்லை. சுத்தியலுக்கு அடியில் விரலை விட்டால் களிம்பு மாதிரி ஒன்று வந்தது. சந்தனம், குங்குமம், எண்ணெய், பனியன் பஞ்சு எல்லாம் கலந்து, எட்டு வருஷம் ஊறின பஞ்சாமிர்தம்.

மேலே மட்டும் துடைக்கலாம் என்றுதான் துணியை எடுத்தேன். கை கேட்டால்தானே! பதினேழு வருஷம் அழுக்குத் துப்பாக்கியைக் கண்டால் பல்லைக் கடித்த கை. ஒரு ஆயுதம் இந்தக் கோலத்தில் என் கையைத் தாண்டிப் போவதா? மண்ணெண்ணெய் கேட்டேன். பழைய டூத் பிரஷ் கேட்டேன். கம்பியில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தேன். முதல் துணி கன்னங்கரேல் என்று வந்தது, இரண்டாவது சிவப்பாக, ஏழாவது வெள்ளையாக. சிலிண்டரின் ஆறு ஓட்டையும் தனித்தனியாக. சுத்தியல் வந்து அடிக்கிற சந்துக்குள் பிரஷ்ஷைப் போட்டுத் தேய்த்துக் காற்றடித்தேன். ஒரு மணி நேரம் கழித்து சிலிண்டரை ஒரு தட்டுத் தட்டினேன், கிர்ரென்று சுற்றியது. எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கடைசியாக ஒரே ஒரு சொட்டு எண்ணெயை விரல் நுனியில் தொட்டுத் தடவினேன்.

"அவ்வளவுதானுங்களா?" முதலாளி பதறினார். "வறண்டு போயிருமுங்க, பாவம்."

"இது நிட்டிங் மிசினு இல்ல மொதலாளி. எண்ணெய் கூடுனாத்தான் இதுக்குச் சீக்கு."

அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. "அப்ப குண்டு எது நல்ல குண்டுங்க? பவரு அதிகமானது போட்டா நல்லதுங்களா?"

"எடை கம்மியான துப்பாக்கிக்கு வீரியமான தோட்டா ஆகாது. உதை அம்புட்டும் உங்க கையிலதான் இறங்கும். அந்த உதையில மத்த ஓட்டையில இருக்கிற தோட்டாவோட ஈயம் முன்னால நகந்து வந்து சிலிண்டரே சிக்கிக்கும். வீரியம் மட்டா, புதுசா, ஒரே கம்பெனித் தோட்டாவா வாங்கணும். ஒரு அம்பது சுட்டுப் பாத்துட்டுத்தான் நம்பணும்."

"அம்பதா! வெளையாடறீங்களா?" என்று எழுந்தே விட்டார்.

ஐந்து தோட்டாவையும் வெயிலில் வைத்துப் பார்த்தேன். தோட்டாவின் பிட்டத்தில் நடுவே ஒரு சின்னப் பித்தளைப் பொட்டு இருக்கும். சுத்தியல் அதில் அடித்தால்தான் உள்ளே பொறி கிளம்பும். ஐந்திலும் அந்தப் பொட்டைச் சுற்றிப் பச்சைப் பாசி மாதிரி எண்ணெய் இறங்கியிருந்தது. உள்ளே மருந்து நனைந்து சேறாகியிருக்கும்.

"இதை மாத்துங்க மொதலாளி. ஊறிப்போச்சு."

"பூச போட்ட குண்டுங்க. மாத்தறதாவது!"

ஒரு தடவை சொல்லிவிட்டேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? துப்பாக்கியைச் சுத்தமாகக் கொடுத்தேன், தோட்டா கெட்டது என்று வாயால் சொன்னேன். இனி வெடிக்காவிட்டால் பாவம் என் கணக்கில் இல்லை, வேலை மட்டும் என் கையில். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். பேச்சியம்மாள் தூங்கவில்லை. விஷயம் தெரிந்ததும் "நீயெல்லாம் ஒரு ஆம்பளையாய்யா" என்று ஆரம்பித்தவள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் காரில் போனோம். கமலாம்பாள் அம்மா தக்காளி சாதம் கட்டி எடுத்து வந்திருந்தார். துப்பாக்கி சுடுகிற இடம் என்றால் என்னவோ என்று நினைத்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஷெட், எதிரே மணல் மூட்டை, நடுவில் காகிதத்தில் வட்டம். பொறுப்பாளர் அருள்குமார், போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர், கழுத்தில் விசில். "குழல் எப்பவும் மணல் மூட்டையப் பாத்துத்தான் இருக்கணும். வெடிக்கலைன்னா அப்படியே புடிச்சுக்கிட்டு நில்லுங்க, திரும்பாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். முதலாளி "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார். அவர் காதில் எதுவும் ஏறவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

ஐந்து தோட்டாவைப் போட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து ஆறாவதை எடுத்தார். விபூதி டப்பாத் தோட்டா. மேலே இன்னும் சாம்பல் ஒட்டியிருந்தது. எண்ணெய் படாத தோட்டா, எட்டு வருஷம் காய்ந்த சாம்பலுக்குள் ஈரமே இல்லாமல் இருந்த தோட்டா.

"சாமிக்கு வெச்சது கடைசீல வரட்டும்," என்றார்.

இது ஒன்று வெடிக்கும் என்று அப்போதே எனக்குத் தெரியும். வெடித்தால் என்ன? ஆறும் வெடிக்க வேண்டும் என்பதுதானே பேச்சு. நான் வாயைத் திறக்கவில்லை.

விசில் ஊதியது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினார்.

டிக்.

என் மகள் மார்ச் பரீட்சையை இங்கேயே எழுதுவாள் என்று அந்தச் சத்தத்தில் எனக்கு உறுதியாகிவிட்டது. மறுபடி டிக். மூன்றாவது டிக். அருள்குமார் ஒவ்வொன்றுக்கும் அரை நிமிஷம் காத்திருக்கச் சொன்னார். நான்காவது. ஐந்தாவது டிக்கில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாயைப் பொத்தினேன், மூக்கு வழியாக வந்தது. அங்கேதான் நான் செய்த தப்பு.

முதலாளி காதில் அது விழுந்தது. விறுக்கென்று திரும்பினார். துப்பாக்கியும் சேர்ந்து திரும்பியது.

"நீங்கதானுங்க ஏதோ பண்ணிப்போட்டீங்க! வேலைல இருக்கோணும்னு நல்ல சாமானக் கெடுத்துப்போட்டீங்க!"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. செய்யாமல் இருந்ததற்குப் பெண்டாட்டியிடம் ஏச்சு வாங்கியவன் நான். "அந்த ஈனப் புத்தி எனக்குக் கிடையாது மொதலாளி!" என்று கத்தினேன்.

"பின்ன இதென்னங்க? இதப் பாருங்க, வெறும் டப்பா! வெறும் டப்பாங்க இது!" என்று துப்பாக்கியை ஆட்டிக் காட்டினார். அவர் விரல் விசையிலேயே இருந்தது. எனக்குப் பக்கத்தில் பெஞ்சில் கமலாம்பாள் அம்மா டிபன் கேரியரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சப்பை மூக்கு நேராக அவர் நெஞ்சைப் பார்த்தது. விசை பின்னால் நகர்வதை நான் பார்த்தேன். சிலிண்டர் சுற்றியது, நான் துடைத்த துடைப்பில் சத்தமே இல்லாமல், வெண்ணெயாகச் சுற்றியது.

பாய்ந்து அடியிலிருந்து கையை மேலே தள்ளினேன்.

வெடித்தது. காது அடைத்துப்போனது. கூரையில் ஒரு ஓட்டை விழுந்து அதன் வழியாக வெயில் இறங்கியது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கிற சந்திலிருந்து நெருப்பு பீறி என் உள்ளங்கையைப் பொசுக்கிவிட்டது. துப்பாக்கி என் கையில் இருந்தது. முதலாளி தரையில் இருந்தார். தக்காளி சாதம் எல்லா இடத்திலும் இருந்தது.

அருள்குமார் ஓடி வந்து முதலாளியைப் பிடித்துக்கொண்டார். எருமை, முட்டாள், பெண்டாட்டியைக் கொல்லவா வந்தாய் என்று ஆரம்பித்து, அவர் வம்சத்தையே இழுத்தார். ஒரு 'ங்க' இல்லை. பிறந்ததிலிருந்து சண்முகவேலிடம் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். அவர் "தப்புத்தானுங்க, தப்புத்தானுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இனி இந்தப் பக்கமே வரக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

கமலாம்பாள் அம்மா அழவில்லை. கூரை ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் சொன்னபடி கழுதையை உள்ளேயே விட்டிருந்தால் அந்தச் சுத்தியல் களிம்பில் சிக்கிப் பாதி வேகத்தில் அடித்திருக்கும், சாமி தோட்டாவும் டிக் என்று போயிருக்கும். வாயைத் திறந்து அந்த ஒன்று வெடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும். வேலைக்காக வாயை மூடிக்கொண்டவன், நல்ல பெயருக்காகத் துடைத்தவன். இரண்டுக்கும் நடுவில் அந்த அம்மா போயிருப்பார். என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவினாசி தாண்டி ஒரு பேக்கரியில் கார் நின்றது. மூன்று டீ. என் கையில் கமலாம்பாள் அம்மாவின் கைக்குட்டை, அதன் மேல் ஐஸ் கட்டி. முதலாளி டீயை ஆற்றிக்கொண்டே பேசினார்.

"சாமிதானுங்க காப்பாத்துச்சு."

எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கமலாம்பாள் அம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"சாமி டப்பாவுல வெச்ச குண்டுதானுங்க வெடிச்சுது. தட்டி உட்டது காசி கை."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். "காசீ, எம்பட மேல கோவமுங்களா?"

"கோவந்தான் மொதலாளி. உங்க மேலயும் கோவம், என் மேலயும் கோவம். அந்த ஒரு தோட்டா உசுரோட இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்ககிட்டச் சொல்லல. அம்மா, நீங்க என்னைய மன்னிக்கணும்."

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஓட்டையுள்ள பனியனைப் பார்க்கிற அதே பார்வை. என்னைத் தள்ளிவிடப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சொல்லியிருக்கோணும்," என்றார். "செரி, உடுங்க. கை எரியுதுங்களா?"

எரிகிறது என்றேன். முதலாளி தொண்டையைச் செருமினார். "நீங்க போக வேண்டாமுங்க. எத்தன வருசம்னாலும் இருங்க."

"இருக்கேன் மொதலாளி. ஆனா அது இருக்கக் கூடாது. அந்தத் துப்பாக்கி உங்க வீட்டுல இருந்தா நான் இன்னைக்கே கிளம்புறேன். பிள்ளை பரீட்சை எக்கேடோ கெடட்டும்."

சொல்லிவிட்டு எனக்கே திக்கென்றது. முதலாளி மஞ்சப்பையைத் தடவினார். சம்சாரத்தைச் சுடப் பார்த்து இரண்டு மணி நேரம் ஆகவில்லை, மனுஷன் யோசிக்கிறார்!

"அது எட்டு வருசமா பூச போட்ட சாமானுங்க..."

"நானு முப்பத்தோரு வருசமா தாலி கட்டுன சாமானுங்க," என்றார் கமலாம்பாள். "எனக்கு எத்தன பூச போட்டீங்க?" கையை நீட்டி மஞ்சப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல ஸ்டேசன்ல ஒப்படைச்சுப்போட்டு, லைசென்சையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துப்போட்டு வாரோம். காசி, நீங்களும் கூட வாங்க. இவருகிட்டத் தனியா இதக் குடுத்து அனுப்ப மாட்டேன்."

"செரி புள்ள," என்றார் முதலாளி. பர்ஸை எடுத்தார். அதை என்னிடம் நீட்டி, டீக்காசை என்னையே எண்ணிக் கொடுக்கச் சொன்னார்.

கேட்டில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. அறைக்கு முன்னால் நான்கு சாக்கு மூட்டை வரிசையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அன்புசெல்வி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து மடியில் வேதியியல் புத்தகத்தை விரித்திருந்தாள். என் கையைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அப்பா, கையில என்ன? போகணுமாப்பா?"

பேச்சியம்மாள் அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள், இன்னொரு சாக்கும் கயிறுமாக. கண் வீங்கியிருந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அவுருடி," என்றேன். "முதல்ல அவ புத்தகம் இருக்கிற மூட்டைய அவுரு."